மலைக்கணவாயில் ஒரு வாக்குப்பெட்டி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உலையிற் கொதிக்கும் அரிசி முழுவதையும் அள்ளி நசுக்கிப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை விரலிடை வைத்து அழுத்தினாற் போதும், பானையின் நிலை தெரிந்துவிடும். சமையற்கட்டிற் பிழையாத இவ்விதி அரசியலிலும் பிழையாது நிற்குமா? பல கோடி மக்கள் வாக்களிக்கும் ஒரு பெருநாட்டின் உள்ளக்கிடக்கையை, அந்நாட்டின் மூலையிற் கிடக்கும் ஒரு சிற்றூரின் வாக்குப்பெட்டியைத் திறந்து பார்த்து அறிந்துகொள்ள இயலுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சனாதிபதித் தேர்தல் நடைபெறும் நாளின் நள்ளிரவில், இவ்வினா எழுகின்றது. அதனை எழுப்பும் சிற்றூரின் பெயர் டிக்ஸ்வில் நாட்ச்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்றொரு சிறிய மாநிலம் உண்டு. அம்மாநிலத்தின் வடகோடியில், கனடா நாட்டின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவில், செங்குத்தான பாறைகளுக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் நடுவே ஒரு மலைக்கணவாய் அமைந்துள்ளது. ‘நாட்ச்’ என்னும் சொல் அப்பகுதி மக்கள் வழக்கில் மலைக்கணவாயையே குறிக்கும். கணவாயின் அடியில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் பால்சம்ஸ் என்னும் பழைய உல்லாச விடுதி. பால்சம் என்பது அம்மலைகளில் வளரும் ஒருவகை ஊசியிலை மரம். கடைத்தெருவோ சந்தையோ கொண்ட ஊரன்று இது. விடுதியும், அதனைச் சார்ந்து வாழ்ந்த மாந்தருமே ஊர். விடுதியின் அறைகளை எண்ணினால் அவை நூற்றுக் கணக்கில் வரும். ஊரின் வாக்காளரை எண்ணினாலோ 40 பேரைக் காண்பதும் அரிதாகவே இருந்துவந்துள்ளது.

அமெரிக்காவில் சனாதிபதித் தேர்தல் எந்நாளில் நடைபெறவேண்டும் என்பதனை 1845ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்துவிட்டது. நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையே அந்நாள். நாடெங்கும் மக்கள் பொழுது விடிந்த பின்னரே வாக்களிப்பு நிலையங்களை நாடுவர். ஆனால், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம் மிகச் சிறிய ஊர்களுக்கு ஒரு சலுகை அளிக்கின்றது. செவ்வாய்க்கிழமை பிறந்தவுடனேயே, அதாவது திங்கள் இரவு பன்னிரண்டு மணி அடித்தவுடனேயே, அவ்வூர்கள் வாக்களிப்பைத் தொடங்கலாம். இடாப்பிற் பெயர் பதிந்த அனைவரும் வாக்களித்து முடித்துவிட்டால், அப்பொழுதே நிலையத்தை மூடி, சீட்டுக்களை எண்ணி, முடிவை உலகுக்கு அறிவிக்கலாம். இவ்விதியின் பயனாகவே, நாட்டின் ஏனைய பகுதிகள் உறக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வேளையில், இச்சிற்றூரின் முடிவு பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எட்டிவிடுகின்றது.

இவ்விதியுள் அடங்கிக் கிடக்கும் ஒரு நுட்பம் கருதத்தக்கது. இடாப்பிற் பெயருள்ள ஒருவரேனும் வாக்களியாது எஞ்சினால் பெட்டியை உடனே திறத்தல் இயலாது. பெருநகர் ஒன்றிலே ஒருவர் வாக்களிக்கச் சோம்பினால் அதனை அறிவாரும் இலர், பொருட்படுத்துவாரும் இலர். இங்கோ, ஒருவர் வாராதொழிந்தால் ஊர் முழுவதும் காத்திருக்கவேண்டும். 2020ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில், வாக்குரிமை பெறத் தகுதியுடைய அமெரிக்கருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இதுவே மிக உயர்ந்த விகிதம் எனப் பேசப்பட்டது. டிக்ஸ்வில் நாட்சிலோ, நள்ளிரவு வாக்களிப்பின் இயல்பே ஒருவர் தவறாது அனைவரும் வாக்களித்தலாகும்.

இவ்வழக்கம் டிக்ஸ்வில் நாட்சில் 1960ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதனைத் தொடக்கியவர் நீல் டில்லட்சன் என்னும் தொழிலதிபர். இறப்பர்ப் பாலிலிருந்து பலூன்களும் கையுறைகளும் செய்து பெரும்பொருள் ஈட்டிய இவர், 1954ஆம் ஆண்டில் பால்சம்ஸ் விடுதியை விலைக்கு வாங்கினார். அதுவரை அக்கணவாயில் வாழ்ந்தோர் வாக்களிப்பதற்கு மலைப்பாதை வழியே வேற்றூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. நவம்பர் மாதத்திலேயே பனி பொழியத் தொடங்கிவிடும் நாடு அது. டிக்ஸ்வில் தனக்கென ஒரு வாக்களிப்பு நிலையத்தைப் பெற்ற பின்னர், 1960 நவம்பரில் ஒன்பது பேர் விடுதியிற் கூடி நள்ளிரவில் வாக்களித்தனர். பின்னர் விடுதியில் அதற்கெனவே ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அவ்வறையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மறைப்புக் கூடு அமைக்கப்பட்டிருந்தது.

பன்னிரண்டு மணி அடிக்கும் தருணத்திலே மடித்த சீட்டைப் பெட்டியின் வாயருகே பிடித்தவாறு, மறுகையின் கடிகாரத்தை நோக்கி நிற்கும் டில்லட்சனின் உருவம் அமெரிக்கப் பத்திரிகைகளைப் படிப்போர்க்குப் பழக்கமாயிற்று. 1960ஆம் ஆண்டு முதல் 2000ஆம் ஆண்டு வரையில் அவ்வூரின் முதல் வாக்கு அவருடையதே. இறுதியாக அவர் சனாதிபதித் தேர்தலில் வாக்களித்தபோது அவருக்கு வயது 101. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

எனினும், நள்ளிரவு வாக்களிப்பிற்கு வழிகாட்டியது டிக்ஸ்வில் அன்று. அதே மாநிலத்தில், தெற்கே குரோபோர்ட் நாட்ச் என்னும் மற்றொரு கணவாயில் ஹார்ட்ஸ் லொக்கேஷன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு 1948ஆம் ஆண்டிலேயே நள்ளிரவு வாக்களிப்பு நடைபெற்றது. அதற்குக் காரணம் புகழ்வேட்கை அன்று, தொழில். ஊராரிற் பலர் இருப்புப்பாதைத் தொழிலாளர். விடியுமுன்னரே வேலைக்குப் புறப்பட வேண்டியவர்களாதலின், வழக்கமான நேரத்தில் வாக்களித்தல் அவர்க்கு அரிதாயிற்று. வாக்களிக்கும் நேரத்தைத் தொழிலாளியின் நேரத்தோடு பொருத்தினார்கள், அவ்வளவே. பின்னர்ச் செய்தியாளர் கூட்டம் பெருகவே, அத்தொல்லையைப் பொறாத ஊரார் 1964ஆம் ஆண்டோடு அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். 1996இல் மீண்டும் தொடங்கினர். ஒரே வழக்கத்தை ஓர் ஊர் தொல்லையெனத் துறந்தது. மற்றோர் ஊர் பெருமையெனப் பேணியது.

இனி டிக்ஸ்வில் நாட்சின் வாக்குப்பெட்டி சொல்லிய கதையை வரிசையாக நோக்குதல் தகும். 1960இல் குடியரசுக் கட்சி அபேட்சகர் ரிச்சட் நிக்சனுக்கு 9 வாக்குகள். சனநாயகக் கட்சியின் ஜோன் கென்னடிக்கு ஒன்றுமில்லை. நாடு கென்னடியைத் தேர்ந்தது. 1964இல் பரி கோல்ட்வோட்டருக்கு 8. லிண்டன் ஜோன்சனுக்கு ஒன்றுமில்லை. நாடோ ஜோன்சனைப் பெருவாரியான வாக்குகளால் தேர்ந்தது. 1968இல் காற்றுத் திசைமாறிற்று. சனநாயகக் கட்சியின் ஹியூபேட் ஹம்ப்ரிக்கு 8, நிக்சனுக்கு 4. ஆனால் அவ்வாண்டில் நாடு நிக்சன் பக்கம் சாய்ந்தது. முதல் மூன்று தேர்தல்களிலும் ஊரின் முடிவும் நாட்டின் முடிவும் முரண்பட்டே நின்றன.

1972இல் நிக்சனுக்கு 16. ஜோர்ஜ் மக்கவனுக்கு 3. இம்முறை ஊரும் நாடும் ஒன்றுபட்டன. 1976இல் ஜெரால்ட் போர்ட் 13, ஜிம்மி கார்ட்டர் 11. நாட்டில் வென்றவர் கார்ட்டர். 1980இல் ரொனால்ட் ரேகன் 17, கார்ட்டர் 3. 1984இல் ரேகன் 29, வோல்டர் மொண்டேல் 1. 1988இல் மூத்த ஜோர்ஜ் புஷ் 34, மைக்கல் டுக்காக்கிஸ் 3. இம்மூன்றிலும் ஊரும் நாடும் இணைந்தே சென்றன. 1992இல் புஷ் 15, சுயேச்சையாக நின்ற ரொஸ் பெரோ 8, லிபட்டேரியன் கட்சியின் அந்திரே மரூ 5, பில் கிளின்டன் 2. நாட்டின் சனாதிபதியாக வந்தவர் ஊரில் நான்காம் இடம் பெற்ற கிளின்டன். 1996இலும் ஊர் பொப் டோலுக்கு 18 வாக்குகளும் கிளின்டனுக்கு 8 வாக்குகளும் அளித்தது. நாடு மீண்டும் கிளின்டனையே தேர்ந்தது. 2000இலும் 2004இலும் இளைய புஷ் ஊரிலும் வென்றார், நாட்டிலும் வென்றார்.

2008இல் பராக் ஒபாமாவுக்கு 15, ஜோன் மக்கெயினுக்கு 6. ஹம்ப்ரிக்குப் பின் நாற்பது ஆண்டுகள் கழித்துச் சனநாயகக் கட்சி அபேட்சகர் ஒருவர் அங்கே வென்றது அதுவே முதன்முறை. 2012இல் ஒபாமாவுக்கு 5, மிட் ரொம்னிக்கு 5. ஊரின் தேர்தல் வரலாற்றில் முதற் சமநிலை இது. 2016இல் ஹிலரி கிளின்டன் 4, டொனால்ட் ட்ரம்ப் 2. எஞ்சிய இரு வாக்குகள் வேறு இருவர்க்குச் சென்றன. 2020இல் ஜோ பைடனுக்கு 5, ட்ரம்புக்கு ஒன்றுமில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் நள்ளிரவில், அக்கோடியன் வாத்தியத்தில் தேசிய கீதம் இசைக்கப்பட்ட பின்னர், ஆறு பேர் வாக்களித்தனர். கமலா ஹரிஸ் 3, ட்ரம்ப் 3. மீண்டும் சமநிலை.

கணக்கிட்டால், 1960 முதல் 2024 வரை நடைபெற்ற சனாதிபதித் தேர்தல்கள் 17. அவற்றுள் எட்டில் ஊரின் தெரிவு நாட்டின் தெரிவாக அமைந்தது. ஏழில் முரண்பட்டது. இரண்டு சமநிலையில் முடிந்தன. நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்ப்பவனும் இதனிற் குறைந்த பயனைப் பெறான். நாட்டை விடுக, தன் மாநிலத்தின் போக்கையேனும் இவ்வூர் காட்டிற்றா எனின், அதுவுமில்லை. 1964இல் ஊர் ஒருமுகமாகக் கோல்ட்வோட்டரை ஆதரிக்க, மாநிலம் ஜோன்சன் பக்கம் நின்றது. 1968இல் ஊர் ஹம்ப்ரியைத் தேர, மாநிலம் நிக்சனைத் தேர்ந்தது. 2004இல் ஊர் புஷ்ஷுக்கு 19 வாக்குகளும் ஜோன் கெரிக்கு 7 வாக்குகளும் அளித்தது. மாநிலத்தை வென்றவர் கெரி.

அண்டையூரோடு ஒப்பிடினும் இவ்வுண்மை துலங்கும். டிக்ஸ்விலை அடுத்து மில்ஸ்ஃபீல்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அதே மலை, அதே காடு, அதே பனி. 2016இல் அங்கும் நள்ளிரவில் வாக்களித்தனர். ட்ரம்புக்கு 16, கிளின்டனுக்கு 4. 2020இல் ட்ரம்புக்கு 16, பைடனுக்கு 5. அதே இரவில் டிக்ஸ்வில் பைடனுக்கு ஐந்தும் ட்ரம்புக்கு வெறுமையும் அளித்தது. இருப்பிடம் ஒன்றாயினும் இவ்விரு பெட்டிகளும் இருவேறு நாடுகளின் பெட்டிகள் போலப் பேசின.

பானைச் சோற்றின் உவமை பிழைக்கும் இடம் இதுவே. உலையிலுள்ள பருக்கைகள் யாவும் ஒரே நெல்லில் விளைந்தவை. ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தவை. ஆதலின் ஒன்று மற்றவற்றைக் காட்டும். மனிதர் அவ்வாறல்லர். நகரத்துத் தொழிற்சாலையில் உழைப்போரும், தென்மாநிலத்துக் கறுப்பின மக்களும், மேற்கத்திய சமவெளியின் வேளாளரும், மலைவிடுதியின் பணியாளரும் வெவ்வேறு வாழ்வு வாழ்வோர். அன்றியும், ஆறு பேர் கொண்ட ஊரில் ஒருவர் மனம் மாறினால் ஊரின் ஆறிலொரு பங்கு மாறிவிடுகின்றது. ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வேற்றூர் சென்றால், அரசியல் அலை வீசிற்று என எழுதுவோரும் உளர். உண்மையில் சென்றது அலையன்று, ஒரு குடும்பமே.

1988இல் வென்றவருக்கும் தோற்றவருக்குமாக 37 வாக்குகள் விழுந்த பெட்டியில் 2016இல் விழுந்தவை எட்டே. இடைப்பட்ட காலத்தில் விடுதிப் பணியாளர் பலர் வந்தனர், பலர் சென்றனர். ஆகவே, ‘இவ்வூர் குடியரசுக் கட்சியிலிருந்து சனநாயகக் கட்சிக்கு மாறிற்று’ என்று சொல்லுமுன், அன்று வாக்களித்தோரும் இன்று வாக்களிப்போரும் ஒருவரேயா என்று கேட்டல் வேண்டும். ஊரின் பெயர் மாறவில்லை, ஊரார் மாறியுள்ளனர். பெரிய தொகுதிகளின் முடிவுகளை ஆராய்வோரும் மறத்தலாகாத பாடம் இது. மக்கள் கருத்து மாறுவதால் முடிவு மாறுவதும் உண்டு. மக்களே மாறுவதால் முடிவு மாறுவதும் உண்டு.

கட்சிப் பெயரைக் கொண்டும் இம்மக்களை அளந்துவிட முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர் தம்மைக் கட்சிசாராதவராகப் பதிந்துகொண்டு, கட்சிகள் தத்தம் அபேட்சகரைத் தெரியும் முற்றேர்தலில் தமக்கு விருப்பமான ஏதேனும் ஒரு கட்சியின் சீட்டைப் பெற்று வாக்களிக்கலாம். 2020 பெப்ரவரியில் நடைபெற்ற முற்றேர்தலில் டிக்ஸ்வில் வாக்காளர் மூவர், சீட்டிற் பெயரே அச்சிடப்படாத மைக்கல் புளூம்பேர்க் என்பாரின் பெயரைத் தம் கையால் எழுதினர். அதனால் இரு கட்சிகளின் சீட்டுக்களிலும் அவரே முதலிடம் பெற்ற விந்தை நிகழ்ந்தது. 2024 சனவரியில் வாக்களித்த ஆறு பேருள் நால்வர் குடியரசுக் கட்சியினராகப் பதிந்தவர், இருவர் கட்சிசாராதவர். அறுவரும் ஒருமனதாக நிக்கி ஹேலியை ஆதரித்தனர். அவரோ மார்ச் மாதத்தில் போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் அவ்வூரின் ஆறு வாக்குகளும் இரு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்தன. நால்வர் ஒரு கட்சியினராகப் பதிந்திருந்தும் அக்கட்சி அபேட்சகருக்கு மூன்று வாக்குகளே கிட்டின. பதிவேடு கூறுவது ஒன்று. மறைப்பினுள் மனம் கூறுவது மற்றொன்று.

அவ்வாறாயின் இச்சிற்றூரின் வாக்களிப்பு வெறும் வேடிக்கைதானா? அவ்வாறு தள்ளிவிடுதலும் பொருந்தாது. நாட்டின் மனத்தைக் காட்டாத இப்பெட்டி, வாக்குரிமை என்னும் பொருளின் இயல்பை வேறெந்தப் பெட்டியும் காட்டாத அளவுக்கு வெளிச்சமிட்டுக் காட்டுகின்றது. அதனை உணர்தற்கு, வாக்கின் மறைவு என்னும் கோட்பாட்டின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும்.

அமெரிக்கர் தொடக்கம் முதலே மறைவாக வாக்களித்தவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கட்சிகளே சீட்டுக்களை அச்சிட்டு வாக்காளர் கையிற் கொடுத்தன. சீட்டின் நிறத்தைக் கண்டே இவர் எக்கட்சிக்கு வாக்களிக்கின்றார் என்பதனை வேலைகொள்வோனும் கடன்கொடுத்தோனும் அறியக்கூடியதாய் இருந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் 1856ஆம் ஆண்டில் அரசாங்கமே ஒரே வகைச் சீட்டை அச்சிட்டு வழங்கி, மறைவிலே புள்ளடியிடச் செய்யும் முறை தோன்றிற்று. அம்முறையை மாநிலம் முழுவதற்கும் 1888இல் மசாசுசெட்ஸ் ஏற்றது. ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. எளியவன் வலியவனுக்கு அஞ்சாது தன் மனச்சான்றின்படி நடத்தற்கு எழுப்பப்பட்ட அரண் அம்மறைப்புத் திரை.

டிக்ஸ்வில் நாட்சில் அத்திரை இருந்தது. வேறெங்கும் இல்லாத வகையில் ஆளுக்கொரு கூடாகவே இருந்தது. ஆயினும் 1960இல் ஒன்பது சீட்டுக்களும் நிக்சனுக்கே என அறிவிக்கப்பட்ட அக்கணத்தில், ஒன்பது பேருடைய மறைவும் ஒருங்கே கலைந்தது. எவர் எவர்க்கு வாக்களித்தார் என்பதனை எவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. 2020இல் ஐந்து சீட்டுக்களும் பைடனுக்கே என அறிவிக்கப்பட்டபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒருமனதாகிய முடிவு ஊருக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் அது மறைவைக் கலைத்துவிடுகின்றது. வாக்காளர் தொகை பெரிதாய் இருத்தலும், கருத்து வேறுபாடு நிலவுதலுமே மறைவைக் காக்கும் உண்மைத் திரைகள் என்பதும், மரத்தாலும் துணியாலும் ஆன திரை அவற்றிற்குத் துணை மட்டுமே என்பதும் இதனாற் புலனாகின்றன.

இவ்விடத்தில் 1984ஆம் ஆண்டின் முடிவு சிந்தனைக்குரியது. முப்பது பேர் வாக்களித்தனர். இருபத்தொன்பது பேர் ஒரு பக்கம். ஒருவர் மறு பக்கம். அந்த ஒருவர் யாரென்பதனைச் சீட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அடுத்த நாட்காலை விடுதியின் உணவுக்கூடத்தில் ஒருவரையொருவர் நோக்கிய முப்பது முகங்களையும், ‘அவர் இவரோ?’ என எழுந்திருக்கக்கூடிய முப்பது ஐயங்களையும் கற்பனை செய்தல் கடினமன்று. அவர் பெற்றுத்தந்த வாக்கு நாட்டின் முடிவை மயிரிழையும் அசைக்கவில்லை. மொண்டேல் 50 மாநிலங்களுள் தம் மாநிலமாகிய மின்னசோட்டாவை மட்டுமே வென்றார். தோல்வி உறுதியென அறிந்தும், ஊர் முழுவதும் மறுபுறம் நிற்பதை உணர்ந்தும், தம் மனத்துக்குச் சரியெனப் பட்டதையே அவ்வொருவர் குறித்தார். வாக்குரிமை என்பது வெல்லும் பக்கத்தைக் கண்டுபிடிக்கும் போட்டியாயின் அவர் தோற்றவர். மனச்சான்றைப் பதிவுசெய்யும் உரிமையாயின், அவ்விரவில் அவ்வுரிமையை முழுமையாகப் பயன்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று சோம்பியிருப்போர்க்கு இம்மாநிலமே விடையும் வைத்துள்ளது. அமெரிக்கச் சனாதிபதியை மாநிலவாரியாக அமைந்த தேர்வாளர் குழுவே முறைப்படி தெரிகின்றது. நியூ ஹாம்ப்ஷயருக்குரிய தேர்வாளர் நால்வரே. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்து வாக்குகளை மீள எண்ணும் வழக்கினை உலகம் முழுவதும் உற்று நோக்கியது. முடிவில் புஷ் 271 தேர்வாளர் வாக்குகளும் அல் கோர் 266 வாக்குகளும் பெற்றனர். நியூ ஹாம்ப்ஷயரில் புஷ் வென்றது 7,211 வாக்கு வேறுபாட்டினாலேயே. அச்சிறு மாநிலம் மறுபுறம் சாய்ந்திருந்தால், புளோரிடாவின் துணையின்றியே கோர் சனாதிபதியாகியிருப்பார். டிக்ஸ்வில் நாட்சில் அவ்வாண்டு விழுந்த இருபத்தேழு வாக்குகளும் அத்தராசின் தட்டிற் கிடந்தவையே. 2016இல் அதே மாநிலத்தில் வெற்றி தோல்வியின் இடைவெளி மூவாயிரத்துக்கும் குறைவு.

சமநிலையில் முடிந்த இரு தேர்தல்களும் மற்றொரு பாடம் புகட்டுவன. 2012இல் ஐவர் ஒருபுறம், ஐவர் மறுபுறம். 2024இல் மூவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். பெருநகரங்களில் மாற்றுக் கட்சியினரைக் காணாமலே ஒருவர் வாழ்ந்துவிடலாம். கணவாயில் அது நடவாது. பனி மூடிய பாதையில் வண்டி சிக்கினால் மீட்க வருபவர் எக்கட்சி என்று வினவ நேரமில்லை. நியூ இங்கிலாந்து எனப்படும் அப்பகுதியின் ஊர்களிலே, மார்ச் மாதத்தில் ஊரார் ஒரு மண்டபத்திற் கூடி, வீதிக்கும் பள்ளிக்கும் எவ்வளவு செலவிடுவது என்பதனைக் கையுயர்த்தி முடிவுசெய்யும் பழைய வழக்கம் உண்டு. அங்கே எதிர்த்துப் பேசியவர்கள், கூட்டம் கலைந்ததும் ஒரே வீதியால் வீடு திரும்பவேண்டியவர்கள். வேறுபட்டு வாக்களித்தலும் ஒன்றுபட்டு வாழ்தலும் ஒருங்கே இயலும் என்னும் நம்பிக்கையிலேயே அவ்வாட்சிமுறை நிலைபெற்றுள்ளது.

ஆனால் வாக்குப்பெட்டி மட்டும் ஊரைக் காத்துவிடாது. பால்சம்ஸ் விடுதி 2011ஆம் ஆண்டில் மூடப்பட்டது. விடுதி போனபின் தொழில் போயிற்று. தொழில் போனபின் மக்களும் போயினர். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 12 பேர் இருந்த இடத்தில் 2020ஆம் ஆண்டு மதிப்பில் எஞ்சியோர் நால்வர். தேர்தலை நடத்துவதற்குத் தலைவரும், எழுதுவினைஞரும், இடாப்பினை மேற்பார்ப்போரும் வேண்டும். அப்பதவிகளை நிரப்பவே ஆளில்லாத நிலை தோன்றி, 2019இல் இவ்வழக்கம் அற்றுவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. புதிதாக ஒருவர் குடிவந்தமையால் அது தப்பிப்பிழைத்தது. உலகச் செய்தியாளரின் விளக்குகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வூரின்மீது விழுகின்றன. இடைப்பட்ட காலத்தில் அங்கே விளக்கேற்ற ஒரு குடும்பம் வேண்டும். அக்குடும்பத்துக்கு ஒரு தொழில் வேண்டும். இவையின்றி வாக்குரிமை மட்டும் நிலைத்து நிற்பதெங்ஙனம்?

ஆகவே, டிக்ஸ்வில் நாட்ச் அமெரிக்காவின் அடுத்த சனாதிபதி யாரென்று சொல்லும் சோதிடசாலை அன்று. அதன் பதினேழு முடிவுகளும் அதனைத் தெளிவாக்கிவிட்டன. ஆயினும் நள்ளிரவின் குளிரில், ஒருவர் தவறாது அனைவரும் கூடி, ஆளுக்கொரு திரைமறைவில் நின்று, தத்தம் முடிவை எழுதி, பெட்டி திறந்தபின் தோற்றவரும் வென்றவரும் ஒரே கணவாயில் உறங்கச் செல்லும் அக்காட்சி எண்ணிப் பார்த்தற்குரியது. கோடிக்கணக்கான வாக்குகளும் இறுதியில் இவ்வாறு தனியே நின்ற ஒவ்வொரு மனிதர் கையாலும் இடப்பட்டவையே. பெரும் எண்களில் மறைந்துவிடும் அம்மனிதரைக் கண்ணுக்குத் தெரியும் அளவிற் காட்டுவதே அச்சிறு பெட்டியின் பயன்.